அவர் எழுந்து போனால் மெஷினில் யார் உட்காருவது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் நலத்துறை அலுவலராக இருக்கிறேன். தொழிலாளர்களுக்கு நான் 'வெல்ஃபேர் மேடம்'. சில மேலாளர்களுக்கு 'லீவு வாங்கித் தர்ற மேடம்'. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்கள் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்திவிடாமல் இருக்க நாங்கள் செய்தவற்றை எழுதித் தரும்படி, வேறொரு கம்பெனியில் இதே வேலையில் இருக்கும் தோழி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு ஆலோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், தையல் லைனில் இருப்பவளுக்கு ஒருத்தரும் இல்லை என்பது அவர் குறை. நியாயமான குறைதான்.

லைன் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு டி-ஷர்ட்டுக்குத் தோள் சேர்த்து, கழுத்துக்கு ரிப் வைத்து, கை ஏற்றி, பக்கவாட்டில் ஓவர்லாக் அடித்து, கீழ் மடிப்பை ஃபிளாட்லாக்கில் ஓட்டி, அப்புறம் செக்கிங்குக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின், ஒரு டெய்லர். ஃபிளாட்லாக்கில் இருப்பவர் இருபது நிமிடம் எழுந்து போனால் அவர் மேஜையில் பண்டில் குவிந்துவிடும். அவருக்கு அடுத்து இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசரின் சத்தம் லைன் முழுக்கக் கேட்கும். அதனால் அனுமதி இருந்தாலும், பால் கட்டி ஜாக்கெட் நனைந்தாலும், அந்தப் பெண் எழுந்திருக்க மாட்டார். தன்னால் மற்றவர்கள் திட்டு வாங்குவார்களே என்ற கூச்சம்.

நான் சேர்ந்தபோதே கம்பெனியில் பாலூட்டும் அறை இருந்தது. தையல் நடக்கும் கட்டடத்தில் இல்லை; ஆபீஸ் கட்டடத்தின் முதல் மாடியில். வெளிநாட்டு பையர்களின் (எங்களிடம் துணி வாங்கும் கம்பெனிகளின்) ஆடிட்டுக்காகப் போட்டது என்பதால் சுவரில் முயல் படம், மூலையில் கரடி பொம்மை எல்லாம் உண்டு. சாவி மட்டும் வாசல் செக்யூரிட்டியிடம். பால் பீய்ச்சப் போகிறவர் அந்த அண்ணனிடம் போய்ச் சாவி கேட்டு, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யார் போவார்கள்? டாய்லெட்டுக்குப் போய் வாஷ்பேசினில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கேட்பதில்லை, ஆகவே தேவை இல்லை என்று நிர்வாகம் முடிவு கட்டியிருந்தது. ஆடிட் இல்லாத மாதங்களில் அந்த அறையில் அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன.

சட்டம் என்றாலே எல்லோரும் 26 வாரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1961-ம் வருடத்து மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்று ஆனது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். தையல் மெஷினில் எட்டு மாத வயிற்றோடு குனிந்து உட்கார முடியாது என்பதால் பலரும் முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். மீதி 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த சூட்டோடு அம்மா மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடுவில் விழும் இந்த இரண்டு மாதத்தில்தான் பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் வருகிறது. வந்த டப்பா திரும்பிப் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு இடைவேளை பால் கொடுக்கத் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017-ல் சேர்ந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. சட்டத்தில் குறை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எழுந்து போகும் நேரத்தில் மெஷினில் யார் உட்காருவது என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு தொழிற்சாலையில் இந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான்.

எல்லா மெஷினும் ஓட்டத் தெரிந்த மாற்று டெய்லர்கள் எங்கள் கம்பெனியில் உண்டு. ஃப்ளோட்டர் என்போம். லீவு போட்டவர்கள் இடத்தை நிரப்புவது அவர்கள் வேலை. அதில் ஒருவரைக் குறிப்பிட்ட நேரத்தில் பால் கொடுக்கும் அம்மாவின் மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். சூப்பர்வைசர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். "நாளைக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி எந்திரிப்பாங்க மேடம்" என்றார் ஒருவர். டீக்கடை வாசலில் சிகரெட் பிடிக்கப் போகும் நேரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லையே என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், ஃப்ளோட்டர் வந்திருக்க மாட்டார்.

வழி திறந்தது புரொடக்‌ஷன் மேனேஜரால். அவருக்குத் தாய்ப்பாலின் மகிமையை நான் விளக்கவில்லை. பழகிய ஃபிளாட்லாக் டெய்லர் வேலையை விட்டுப் போனால் அந்த லைன் எத்தனை வாரம் தடுமாறும் என்று மட்டும் கேட்டேன். திருப்பூரில் எந்தக் கம்பெனி கேட்டைப் பார்த்தாலும் 'டெய்லர்கள் தேவை' என்று போர்டு தொங்கும். புது ஆளைப் பிடித்து, பழக்கி, வேகம் ஏற்றுவதற்குள் ஒரு ஷிப்மென்ட் போய்விடும். தினமும் இரண்டு தடவை ஒரு ஃப்ளோட்டரை அனுப்புவது அதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அவர் பேனாவை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார், சரி என்றார். நிர்வாகத்திடம் பேசப் போகும் தோழிகளுக்கு என் யோசனை: கருணையைக் கேட்காதீர்கள். ஆள் பற்றாக்குறையைப் பேசுங்கள்.

ஏற்பாடு இதுதான். அம்மாவின் பெயர், நேரம், மாற்று டெய்லரின் பெயர் மூன்றையும் காலையிலேயே போர்டில் எழுதிவிடுவோம். ஒரே லைனில் இரண்டு அம்மாக்கள் இருந்தால் நேரம் மோதாமல் தள்ளி வைப்போம். முக்கியமான விஷயம், அம்மா யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நேரம் வந்ததும் ஃப்ளோட்டர் வந்து பக்கத்தில் நிற்பார். ஆள் வந்து நின்ற பிறகு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் சங்கடம். எத்தனையோ பேச்சுக்கு மசியாத கூச்சம் அதற்கு மசிந்தது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அவிநாசி, ஊத்துக்குளி பக்கத்துக் கிராமங்களில் இருந்து வேனில் வருகிறவர்கள் ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப ஆறரை ஆகிவிடும். பதினொரு மணி நேரத்துக்கும் மேல் குழந்தையைப் பிரிந்திருக்கிறார்கள். பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். மார்பில் தேங்கிக்கொண்டே இருந்தால் போதும் என்று உடம்பே சுரப்பைக் குறைத்துவிடும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். பத்தேகாலுக்கு ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, மூன்றே முக்காலுக்கு ஒன்று. பதினைந்து நிமிடம் போதும் என்று சொல்பவர்கள் பீய்ச்சிப் பார்த்ததில்லை. கை கழுவி, இரண்டு பக்கமும் எடுத்து, மூடி வைத்து, திரும்பி வர இருபதில் இருந்து இருபத்தைந்து நிமிடம் ஆகும். டீ நேரத்தை ஒட்டி வைத்தால் லைனுக்கும் சிரமம் குறைவு. ஷிப்மென்ட் நெருக்கடி வந்தாலும் ஒன்றரை ஷிப்ட் (கூடுதல் நேர வேலை) மட்டும் இவர்களுக்குக் கிடையாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அறையைத் தையல் ஹாலை ஒட்டியிருந்த பழைய நூல் ஸ்டோருக்கு மாற்றினோம். கரடி பொம்மை ஆபீஸ் கட்டடத்திலேயே இருக்கிறது. சாவி கிடையாது, உள்ளே தாழ்ப்பாள். முதுகுக்குச் சாய்மானம் உள்ள இரண்டு நாற்காலி, நடுவில் திரை, பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிளக் பாயின்ட், வேலைக் கோட் மாட்ட ஆணி, தண்ணீர், சோப்பு. சோப்பு கட்டாயம் வேண்டும். பனியன் துணியின் பஞ்சுத் தூசி கையெல்லாம் ஒட்டியிருக்கும். திறந்த முதல் வாரம் வந்த கேள்வி ஒன்றே ஒன்று: "கேமரா இருக்குங்களா மேடம்?" தொழிற்சாலை முழுக்கக் கேமரா வைத்துவிட்டு இங்கே மட்டும் இல்லை என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, கூரை, மூலை, லைட் எல்லாம் அவர்களே தடவிப் பார்க்கட்டும் என்று விட்டேன். பார்த்தார்கள்.

எங்கள் ஹாலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அறைக்குள் மட்டும் அனுமதி வாங்கினேன். குழந்தையின் படத்தையோ வீடியோவையோ பார்த்தால் ஆக்சிடோசின் சுரந்து பால் சட்டென்று இறங்கும். பதற்றமாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் வராது. இதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் வாங்கிய அனுமதிகளிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான்.

பம்ப் எல்லோரிடமும் கிடையாது. ஒருவருடைய பம்ப்பை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்துவதையும் நான் விடுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து கிராம சுகாதார செவிலியரை அழைத்துக் கையால் எடுக்கச் சொல்லிக் கொடுத்தோம். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, லேசாக நீவிவிட்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் வர வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழகிவிட்டால் பம்ப்பே வேண்டாம் என்கிறார்கள். எடுத்த பாலுக்கு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படம், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தது. பெயரும் நேரமும் எழுத ஸ்டிக்கருக்குப் பஞ்சமா எங்களிடம்? பேக்கிங் பிரிவில் கேட்டால் ரோலாகத் தருவார்கள்.

ஃபிரிட்ஜ் தனியாக வேண்டும். ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னபோது, தயிர் டப்பா பக்கத்தில் இதையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சின்னதாக ஒன்று வாங்கி அறையிலேயே வைத்தோம். 25 டிகிரி வரை உள்ள அறையில் தாய்ப்பால் நாலு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். சித்திரை மாதம் எங்கள் ஹாலில் அந்த டிகிரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, எடுத்தவுடன் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். அங்கே நாலு நாள் வரை இருக்கும். சாயங்காலம் வேனில் போகும்போது ஐஸ் பேக் வைத்த பை. ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் பல பெண்களுக்கு, முக்கியமாக ஒடிசாவில் இருந்து வந்தவர்களுக்கு, வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. வீட்டுக்கார அம்மாவின் ஃபிரிட்ஜில் ஒரு மூலை கேட்டு வாங்கித் தருவதும் என் வேலை விவரத்தில் எழுதப்படாமல் சேர்ந்துவிட்டது.

இவ்வளவு செய்தும், முதலில் வந்த சில பெண்கள் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். காரணம் வீட்டில் இருந்தது. கொண்டுபோன பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது மாமியாரோ அம்மாயியோ (அம்மா வழிப் பாட்டி)தான். ஃபிரிட்ஜில் இருந்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே தனியாகத் திரண்டு நிற்கும், கீழே தண்ணியாக இருக்கும். அதைப் பார்த்த ஒரு அம்மாயி, "இதென்ன கண்ணு, பாலு திரிஞ்சு போச்சே" என்று சாக்கடையில் கொட்டிவிட்டார். அந்தப் பெண் அழுதது பாலுக்காக மட்டும் இல்லை, அதை எடுக்கப் பட்ட பாட்டுக்காகவும்தான். அதற்குப் பிறகு, விடுப்பு முடியும் முன்பே பாட்டியையும் சேர்த்து ஒரு நாள் கம்பெனிக்கு வரவழைக்கிறோம். காபி கொடுத்து, அறையைக் காட்டி, திரண்ட பாலை மெதுவாகச் சுழற்றிக் கலந்து காட்டுவோம். சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் சம்படத்தை வைத்துச் சூடேற்றினால் போதும், அடுப்பில் வைக்க வேண்டாம். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாட்டில் பழகினால் சில குழந்தைகள் மார்பை மறுத்துவிடும், ஆகவே பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுங்கள். பாலாடை என்றதும் பாட்டிகள் முகம் மலர்ந்துவிடும். அது அவர்கள் கைக்குப் பழகிய பொருள். மருமகளுக்கு அவர்கள்தான் சொல்லித்தர முடியும். சளி பிடிக்கும் என்ற பயம் மட்டும் சிலருக்குக் கடைசிவரை போவதில்லை.

பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கும் பெண்ணிடம், "மல்லிகைப் பூவை வச்சுக் கட்டு, சரியாயிடும்" என்று அக்கறையாகச் சொல்பவர்கள் எல்லா லைனிலும் இருக்கிறார்கள். மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் ஊரில் பாலை வற்றச் செய்யும் வைத்தியம். பால் கொடுக்க நினைப்பவள் அதைச் செய்யக் கூடாது. எடுத்துவிடுவதுதான் வழி. ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரை எடுத்தாலும் பெரும்பாலும் பால் கொடுப்பதைத் தொடரலாம். டாக்டரிடம் பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஜாக்கெட் நனைவதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, ஒரு ஓவர்லாக் டெய்லர். சாயம் ஏற்றாத இன்டர்லாக் துணியின் கட்டிங் வேஸ்ட்டை வட்டமாக வெட்டி, நாலு அடுக்கு சேர்த்து, ஓரம் அடித்து பேட் தைத்துவிட்டார். துவைத்து வெயிலில் காயப்போட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்பதைவிட மென்மையானது. இப்போது வேலைக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பை நிறைய தைத்துக் கொடுக்கிறார்கள்.

நான் அதிகம் எதிர்பாராத எதிர்ப்பு மூத்த பெண்களிடம் இருந்து வந்தது. "எங்களுக்கெல்லாம் யார் குடுத்தாங்க இதையெல்லாம்?" சின்ன பனியன் கம்பெனிகளில் விட்டத்தில் தூளி கட்டி, ஒரு கால் மெஷினிலும் ஒரு காது தூளியிலுமாக வேலை பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கோபத்தைப் பொறாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பதில் சொல்லி சமாதானம் செய்யவும் முடியாது. அவர்களில் சிலரையே ஃப்ளோட்டராக வரும்படி கேட்டேன். ஒரு சிலர் வந்தார்கள். சிலர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காப்பகத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 30 பெண்களுக்கு மேல் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. எங்களிடமும் இருக்கிறது, ஆயா இருக்கிறார், தொட்டில் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையை வேனில், தூசியில் தினமும் கொண்டுவர வீட்டில் சம்மதிப்பதில்லை. கண் பட்டுவிடும் என்கிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் மட்டும் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குப் பால் பீய்ச்சும் வேலையே இல்லை. இருப்பதில் சிறந்த ஏற்பாடு அதுதான்.

பண விஷயம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு மகப்பேறு காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனே சராசரிக் கூலி முழுவதுமாகத் தருகிறது. கம்பெனிக்கு அதில் கூடுதல் செலவு கிடையாது. இது பல முதலாளிகளுக்கே தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்கள். ஆனால் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (சந்தா கணக்கிடும் அரையாண்டுகளில்) குறைந்தது 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் கம்பெனி மாறும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது, பி.எஃப். சிட்டையோடு இ.எஸ்.ஐ. எண் தொடர்கிறதா என்று பாருங்கள் என்பதைத்தான்.

இதில் எதுவும் கான்ட்ராக்டில் வரும் பெண்களுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. அவர்களுக்குப் பீஸ் ரேட்; சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது எழுந்து போன நேரத்துப் பீஸ் அவர்கள் கணக்கில் இருக்காது. ஃப்ளோட்டர் தைத்த பீஸை அம்மாவின் கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கான்ட்ராக்டர் முடியாது என்கிறார், கம்பெனி அது கான்ட்ராக்டர் விஷயம் என்கிறது. அவர்களில் பாதிப் பேர் அறைக்கு வருவதே சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான், டிபன் பாக்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டு. இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் மறுபடி இதைத்தான் எடுக்கப் போகிறேன். புரொடக்‌ஷன் மேனேஜரை என் பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.